காலிபனுக்கு எந்த உருவம்? மீன், குரங்கு, மனிதன்: ஓர் ஒப்பீடு

ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தை மேடையேற்றக் கிளம்பும் மாணவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். புராஸ்பெரோவுக்கு அங்கியும் கோலும் போதும். மிராண்டாவுக்கு வெள்ளை உடை. புராஸ்பெரோவுக்கு ஏவல் செய்யும் ஆவி ஏரியலுக்கு மெல்லிய துணி ஏதாவது கிடைத்துவிடும். உடைப் பட்டியலில் காலிபன் பெயருக்கு எதிரே மட்டும் கடைசி வாரம் வரை ஒன்றும் எழுதியிருக்காது. அப்புறம் ஒரு நாள் ராத்திரி போன் வரும்: "அண்ணா, மீன் மாதிரி பண்ணலாமா, குரங்கு மாதிரியா, இல்ல மனுஷனாவே விட்டுடலாமா?"

மாணவர் நாடகங்களுக்கு ஒப்பனை செய்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் சொன்ன சில பதில்கள் தப்பாகவும் போயின. அதனால் பொறுமையாக எழுதி வைக்கிறேன். வகுப்பில் காட்ட ஒரு படம் தேடும் ஆசிரியர்களுக்கும், சுவரொட்டி வரையப்போகிறவர்களுக்கும் இது உதவும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மிலான் நகரத்துப் பிரபு புராஸ்பெரோ, பதவி பறிபோய், மூன்று வயது நிறையாத மகள் மிராண்டாவோடு ஒரு தீவில் ஒதுங்குகிறான். அல்ஜியர்ஸிலிருந்து துரத்தப்பட்ட சூனியக்காரி சிகோராக்ஸின் மகன் காலிபன் அங்கே ஏற்கெனவே இருக்கிறான். வந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் ஊற்று எங்கே, உவர்க் குழி எங்கே என்று காட்டிக்கொடுக்கிறான். அவர்கள் அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு அவன் மிராண்டாவிடம் வன்முறைக்கு முயல்கிறான். அன்றிலிருந்து பாறைக்குள் அடைபட்ட, விறகு சுமக்கும் அடிமை. டிரிங்குலோ, ஸ்டெஃபானோ என்ற இரண்டு குடிகாரர்களோடு சேர்ந்து எசமானைக் கொல்லத் திட்டம் போட்டுத் தோற்றுப்போகிறான்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த உருவத்தைத் தேர்ந்தாலும் நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

ஒன்று, நாடகம் உண்மையில் என்ன சொல்கிறது. 1623-இல் அச்சான முதல் தொகுப்பின் பாத்திரப் பட்டியல் அவனை 'காட்டுத்தனமான, உருக்குலைந்த அடிமை' என்கிறது. மீன், ஆமை, நாய்த்தலையன் என்பதெல்லாம் மற்ற பாத்திரங்கள் அவனைத் திட்டும் வார்த்தைகள். திட்டுகிறவர்கள் யார் என்று பாருங்கள். போர்வைக்கு அடியில் கிடப்பவனைப் பார்த்து "மனிதனா மீனா?" என்று கேட்கிற டிரிங்குலோ, அடுத்த மூச்சில் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிறான். நொண்டிப் பிச்சைக்காரனுக்குச் சல்லிக்காசு போடாத ஊர், செத்த செவ்விந்தியனைப் பார்க்கப் பத்துக் காசு கொடுக்கும் என்கிறான். கடைசிக் காட்சியில், புராஸ்பெரோவின் பதவியைப் பறித்த தம்பி அந்தோனியோவும் அப்படியே: அசல் மீன், விலைபோகும் என்கிறான். அவனை மீனாகப் பார்க்கிற ரெண்டு பேர் கண்ணும் சந்தை விலையில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம், அதே டிரிங்குலோ தொட்டுப் பார்த்ததும் "இது மீன் இல்லை, இடி விழுந்த தீவுக்காரன்" என்று திருத்திக்கொள்கிறான். புராஸ்பெரோவும், சிகோராக்ஸ் ஈன்ற புள்ளி விழுந்த குட்டியைத் தவிர இந்தத் தீவில் மனித உருவமே இருக்கவில்லை என்கிறான். 'தவிர' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். காலிபனுக்கு மனித உருவம் உண்டு என்று அவனை அடிமையாக்கியவனே ஒப்புக்கொள்கிற இடம் இது.

இரண்டு, வாய் திறந்திருக்க வேண்டும். மூன்றாம் அங்கத்தில், காற்றில் இசை கேட்டுக் குடிகாரர்கள் நடுங்கும்போது காலிபன் அவர்களைத் தேற்றுகிறான்: பயப்படாதீர்கள், இந்தத் தீவு முழுக்க ஓசைதான், இனிமையே தவிரத் துன்பம் செய்யாது, சில நேரம் மேகம் திறந்து செல்வம் என் மேல் கொட்டப்போவது போல் கனவு வரும், விழித்ததும் மறுபடி கனவு காண வேண்டி அழுவேன். நாடகத்தின் மிக அழகான பேச்சுகளில் ஒன்று இது. இதைப் பேசுகிற வாயையே அடைத்துவிடும் உருவம் எவ்வளவு அற்புதமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

மூன்று, இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். "இந்தத் தீவு என்னுடையது, என் தாய் வழி வந்தது, நீ பறித்துக்கொண்டாய்" என்கிற நியாயமும் அவனுடையதுதான். மிராண்டாவிடம் நடந்துகொண்டதைச் சொல்லும்போது துளியும் வருந்தாத கொடுமையும் அவனுடையதுதான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைத்தால் பாத்திரம் பாதியாகிவிடும்.

நான்கு, அரங்கில் உட்கார்ந்திருக்கிற யாரையாவது இந்த உருவம் அவமதிக்கிறதா. இதை யாரும் கேட்பதில்லை. இரண்டாவது தேர்வுக்கு வரும்போது விரிவாகச் சொல்கிறேன்.

## தேர்வு 1: கடல் பிராணி

ஓவியங்களில் இது பழைய வழி. வில்லியம் ஹோகார்த் 1735 வாக்கில் வரைந்த 'தி டெம்பெஸ்ட்' காட்சி இன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நோஸ்டெல் மாளிகையில் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காட்சிகளை வரைந்த ஆரம்பகால ஓவியங்களில் ஒன்று. நடுவில் வெளிச்சத்தில் மிராண்டா. ஒரு பக்கம் பணிந்து நிற்கும் இளவரசன் ஃபெர்டினாண்ட், அவள் காதலன். மறுபக்கம் விறகுக்கட்டோடு கூன் விழுந்த காலிபன், கால் பிராணியின் கால். இளவரசனையும் அடிமையையும் ஒரே பெண்ணின் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டு, 'எது மனிதன் என்று பார்த்துக்கொள்' என்கிறது ஓவியம். கேள்வியும் பதிலும் அவரே போட்டுக்கொண்டுவிட்டார், நமக்கு வேலை இல்லை.

எங்கே நன்றாக நிற்கும்: குழந்தைகளுக்கான நாடகம், பொம்மலாட்டம், படக்கதை. ஒரே போர்வைக்குள் காலிபனும் டிரிங்குலோவும் புகுந்து நாலு கால் பிராணியாகத் தெரியும் நகைச்சுவைக் காட்சிக்கு இது கூட்டத்தைப் பிடித்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு: உண்மையிலேயே மீனாக இருக்கிறவனைப் பார்த்து "மனிதனா மீனா?" என்று கேட்டால் அதில் என்ன நகைச்சுவை இருக்கிறது? குடிகாரனின் தப்பான கண், சரியான கண்ணாகிவிடும்.

இன்னொரு செலவை நேரில் பார்த்தேன். ஒரு கல்லூரி நிகழ்ச்சிக்கு லேட்டக்ஸில் மீன் முகமூடி செய்து கொடுத்தேன். செதில் செதிலாக ஒட்டி, செவுள் வெட்டி, மூன்று நாள் வேலை. மேடை விளக்குச் சூட்டில் அந்தப் பையனுக்குக் கழுத்து வழியாக வேர்வை ஓடியது. தீவின் ஓசை பற்றிய அந்தப் பேச்சு வந்தபோது அரங்கம் நிசப்தமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது வரிசைக்கு மேல் ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. ரப்பர் உதட்டுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பு. ரெண்டு மாதம் அந்த வரிகளை மனப்பாடம் செய்தவன், திரைக்குப் பின்னால் வந்து முகமூடியைக் கழற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எழுதிக்கொண்டதுதான் மேலே இருக்கும் இரண்டாவது அளவுகோல்.

கூத்துக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் எவ்வளவு பெரிதானாலும் முகத்தில் அரிதாரம் மட்டும்தான், ஏனென்றால் ராத்திரி முழுக்கப் பாட வேண்டும். கடல் பிராணிதான் வேண்டும் என்கிறவர்கள் முகத்துக்குப் பூச்சு, உடம்புக்குச் செதில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

## தேர்வு 2: குரங்கு மனிதன்

1859-இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வந்தது. 1873-இல் டொராண்டோவில் பேராசிரியராக இருந்த டேனியல் வில்சன், காலிபன்தான் குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவே விடுபட்ட கண்ணி என்று ஒரு புத்தகமே எழுதினார். மேடை அதைப் பிடித்துக்கொண்டது. 1890-களில் ஃபிராங்க் பென்சன் இந்த வேடத்துக்காக விலங்குக் காட்சிசாலைக்குப் போய் மணிக்கணக்கில் குரங்குகளைப் பார்த்தார். மரத்தில் தலைகீழாகத் தொங்கினார், வாயில் நிஜ மீனைக் கவ்விக்கொண்டு மேடைக்கு வந்தார். பாதி குரங்கு, பாதி தேங்காய் என்று அந்த உடையை அவருடைய மனைவியே வருணித்திருக்கிறார்.

பிறகு ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, 1904-இல் லண்டன் ஹிஸ் மெஜெஸ்டிஸ் அரங்கில். ரோமமும் கடற்பாசியுமான உடை. ஆனால் இந்தக் காலிபனுக்கு இசை கேட்கத் தெரியும். ஷேக்ஸ்பியர் எழுதாத ஒரு முடிவை ட்ரீ சேர்த்தார்: எல்லோரும் கப்பலேறிப் போய்விடுகிறார்கள், காலிபன் மட்டும் பாறை மேல் நின்று, தூரத்தில் மறையும் கப்பலை நோக்கிக் கையை நீட்டுகிறான். சார்லஸ் புக்கெல் அந்தக் காலிபனை வரைந்த படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்த நீட்டிய கையை என்னால் சுலபத்தில் கடந்துபோக முடியவில்லை. எசமான் போனதற்கு அடிமை ஏங்குவானா? தீவு திரும்பக் கிடைத்ததற்கு அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? பேரரசு உச்சத்தில் இருந்த காலத்து லண்டன், நாம் போனால் இவன் கதி என்ன என்று அந்தக் கையைப் படித்திருக்கும். தனிமையைத் தெரிந்த ஒருவர் அதை வேறு மாதிரிப் படிப்பார். ரெண்டுக்கும் இடம் கொடுக்கிற படம் என்பதால்தான் அது இன்னும் நிற்கிறது.

எங்கே நன்றாக நிற்கும்: உடம்பை வளைக்கத் தெரிந்த, பயிற்சி உள்ள நடிகர் கிடைத்தால். உடைச் செலவும் குறைவு.

மறைந்திருக்கும் செலவு: பெரிய செலவு. இந்த உருவம் மேடைக்கு வெளியே என்ன வேலை செய்தது என்று பாருங்கள். கேலிச்சித்திரக்காரர் ஜான் டெனியல் லண்டன் நகைச்சுவை இதழான 'பஞ்ச்'-இல் 1863 ஜனவரியில், அமெரிக்க அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வாங்கிக்கொள்ளும் கறுப்பின மனிதனைக் காலிபனாக வரைந்தார். 1870-இல் அதே கை, நிலத்துக்காகப் போராடிய ஐரிஷ்காரனைக் குரங்கு முகக் காலிபனாக வரைந்தது. யாரை அடக்கி வைக்க வேண்டுமோ அவன் முகத்தில் மாட்ட இந்த முகமூடி எப்போதும் தயாராக இருந்தது.

நம் ஊர் ஒத்திகைக் கூடத்துக்கு இது சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள். குழுவிலேயே கறுப்பாக இருக்கும் பையனைக் கூப்பிட்டு "நீதான்டா காலிபன், உனக்கு மேக்கப்பே வேண்டாம்" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் காதோரம் பவுடர் போட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் அவன் தாடை இறுகியது தெரிந்தது. நிறத்தையும் விலங்கையும் ஒரே உடம்பில் வைப்பதென்றால் அதைத் தெரிந்தே, காரணத்தோடு செய்யுங்கள். வசதிக்காகச் செய்யாதீர்கள்.

## தேர்வு 3: அடிமைப்பட்ட மனிதன்

இருபதாம் நூற்றாண்டு கண்டுபிடித்த காலிபன் இவன். தொடக்கம் அவ்வளவு நேராக இல்லை. 1945-இல் நியூயார்க்கில் மார்கரெட் வெப்ஸ்டர் இயக்கிய தயாரிப்பில் கறுப்பின நடிகர் கனடா லீ காலிபனாக நடித்தார். பெரிய மாற்றம்தான். ஆனாலும் அவருக்குச் செதில் உடையும் கோரமான முகமூடியுமே கிடைத்தன. ஆளை மாற்றினார்கள், உருவத்தை மாற்றவில்லை.

1969-இல் மார்ட்டினிக் கவிஞர் எமே செசேர் இந்த நாடகத்தையே திரும்ப எழுதினார். அதில் காலிபன் கறுப்பின அடிமை, எசமான் நீ வைத்த பெயர் வேண்டாம், என்னை எக்ஸ் என்று கூப்பிடு என்கிறான். அடுத்த ஆண்டு லண்டன் மெர்மெய்ட் அரங்கில் ஜொனாதன் மில்லர், காலிபனுக்கும் ஏரியலுக்கும் ருடால்ஃப் வாக்கர், நார்மன் பீட்டன் என்ற இரு கரீபியக் கறுப்பின நடிகர்களைப் போட்டார். அடங்க மறுக்கும் அடிமை ஒருவன், எசமானின் வேலையைக் கற்றுக்கொள்ளும் அடிமை இன்னொருவன். முடிவில் புராஸ்பெரோவின் கோலை ஏரியல் எடுத்துக்கொள்கிறான். 2009-இல் கேப் டவுனின் பேக்ஸ்டர் அரங்கும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் சேர்ந்த தயாரிப்பில், நிறவெறி ஆட்சியை வாழ்ந்து கடந்த ஜான் கானி காலிபன், ஆன்டனி ஷெர் புராஸ்பெரோ. அறுபதைத் தாண்டிய மனிதர் விறகு சுமப்பதைப் பார்ப்பவருக்கு 'உருக்குலைந்த' என்ற சொல்லே வேறு பொருள் தரும். பிறவியில் குலைந்ததா, வேலையில் குலைந்ததா?

ஜூலி டேமர் 2010-இல் ஹவாய் தீவுகளில் எடுத்த படத்தில், பெனின் நாட்டில் பிறந்த ஜிமோன் ஹோன்சூ காலிபன். முகமூடி இல்லை. காய்ந்த ஏரித் தரை மாதிரி வெடித்த தோல், ஆங்காங்கே வெண்திட்டு. 'புள்ளி விழுந்த' என்ற சொல்லையும் 'இந்தத் தீவு என்னுடையது' என்ற வரியையும் ஒரே தோலில் எழுதியிருக்கிறார்கள். மண்ணே அவன் மேல் ஒட்டியிருக்கிறது.

எங்கே நன்றாக நிற்கும்: பேச்சுத் தெளிவு முக்கியமென்றால் இதற்கு ஈடில்லை. இன்னொரு லாபம், ஸ்டெஃபானோ வாய்க்கு வாய் 'மான்ஸ்டர்' என்கிறானே, எதிரே மனிதன் நிற்கும்போது அது வருணனையாக இல்லாமல் வசையாகக் காதில் விழும்.

மறைந்திருக்கும் செலவு: மிராண்டா. காலிபனை மாசற்ற நாயகனாக்க ஆசைப்பட்டு அந்த வன்முறை பற்றிய வரிகளை வெட்டிவிடுகிற குழுக்கள் உண்டு. வெட்டினால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததே இல்லாமல் போகும். வெட்டாமல் கறுப்பு நடிகரையும் போட்டால், கறுப்பு ஆண்களைப் பற்றிய பழைய பழிச்சொல் ஒன்று மேடையில் எழுந்து நிற்கும். சுலபமான வழி கிடையாது. மிராண்டாவாக நடிப்பவரையும் காலிபனாக நடிப்பவரையும் உட்காரவைத்து அந்த ஒரு காட்சிக்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும். நேரம்தான் இதன் விலை.

## தேர்வு 4: கனவும் உடம்பும்

இது சுவரொட்டிக்காரர்களுக்கு. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் ஒடிலோன் ரெதோன் வரைந்த 'காலிபனின் உறக்கம்' இருக்கிறது. மரத்தடியில் அவன் தூங்குகிறான், காற்றில் ஒளிவிடும் சின்னத் தலைகள் மிதக்கின்றன. அவன் மீனா குரங்கா என்ற கேள்வியே எழுவதில்லை. கனவு காண்கிறவனாக மட்டும் தெரிகிறான்.

பீட்டர் கிரீனவே 1991-இல் எடுத்த படத்தில் மைக்கேல் கிளார்க் என்ற நடனக் கலைஞர் காலிபன். கண்ணை எடுக்க முடியாத உடம்பு மொழி. ஆனால் பாத்திரங்களின் வசனத்தைப் பெரும்பாலும் புராஸ்பெரோவாக வரும் ஜான் கில்குட்டே பேசுகிறார். எசமான் கொடுத்த மொழியால் எசமானையே சபித்தவனிடமிருந்து அந்த மொழியையும் வாங்கிவிட்டார்கள். படத்துக்கு அது பொருந்துகிறது. உங்கள் மேடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கடல் பிராணி | குரங்கு மனிதன் | அடிமைப்பட்ட மனிதன் | கனவும் உடம்பும் |
|---|---|---|---|---|
| நாடகத்தில் ஆதாரம் | வசைச்சொற்கள் மட்டும் | குறைவு | வலுவானது | ஒரு பேச்சு, ஆனால் முக்கியமான பேச்சு |
| குரல் | முகமூடி போட்டால் போய்விடும் | பரவாயில்லை | முழுசாகக் கிடைக்கும் | நடனமானால் இல்லை |
| இரு பக்கமும் தெரிவது | பயம் மட்டும் | பரிதாபம் அதிகம் | கிடைக்கும், உழைத்தால் | இரக்கம் மட்டும் |
| யாரையாவது புண்படுத்துமா | அநேகமாக இல்லை | ஆம் | கவனம் இல்லாவிட்டால் | இல்லை |
| செலவு | பணம் | நடிகரின் முதுகு | ஒத்திகை நேரம் | கைதேர்ந்த கலைஞர் |

## யாருக்கு எது

பள்ளிப் பிள்ளைகளுக்கென்றால் கடல் பிராணி, முகத்தைத் திறந்துவிட்டு. வகுப்பில் காட்ட ஒரு படம் மட்டும் எடுக்காதீர்கள். ஹோகார்த்தையும் டெனியலின் 1863 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வெளிச்சம் யார் மேல் விழுகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அரை மணி நேரம் தானாக ஓடும். சுவரொட்டிக்கு ரெதோன் போன வழி. குரங்கு மனிதனை, உடல்மொழியில் தேர்ந்த நடிகரும் அதன் வரலாறு தெரிந்த இயக்குநரும் சேர்ந்திருந்தாலொழிய, விட்டுவிடுங்கள்.

மேடைக்கு என் தேர்வு மூன்றாவதுதான், ஒரு சேர்க்கையோடு. சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால் தேனடை மாதிரி நெருக்கமாகக் கிள்ளு விழும் என்று புராஸ்பெரோ முதல் அங்கத்தில் மிரட்டுகிறான். அவன் ஏவும் ஆவிகள் ராத்திரியெல்லாம் காலிபனைக் கிள்ளுகின்றன. அந்தப் 'புள்ளி'களை நான் அங்கிருந்துதான் எடுக்கிறேன். குளிக்கத் தேய்க்கும் பீர்க்கங்கூட்டைக் குறுக்கே வெட்டி, ஊதா நிறத்தில் தொட்டு, தோளிலும் புஜத்திலும் ஒற்றினால் அச்சு அசல் தேனடை. மேலே லேசாகப் பச்சையும் மஞ்சளும் தடவினால் பழைய காயம். முதல் காட்சியில் பத்து இடம், இடைவேளையில் இன்னும் பத்து, நான்காம் அங்கத்துக்குள் கழுத்து வரை. வலது தோளில் விறகுக் கயிறு அழுத்திய தழும்பு ஒன்று. கையில் நீண்ட நகம், ஏனென்றால் நகத்தால் கிழங்கு தோண்டித் தருகிறேன் என்று அவனே சொல்கிறான். முகத்தில் வேர்வையைத் தவிர ஒன்றும் கிடையாது. முன்வரிசையில் இருப்பவர்கள் இடைவேளைக்குப் பிறகு அந்தப் புள்ளிகள் கூடியிருப்பதைக் கவனித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதைத் திரை ஓரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. குகையைச் சுத்தம் செய் என்ற கட்டளையோடு காலிபன் கடைசிக் காட்சியில் உள்ளே போகிறான். மற்றவர்களோடு கப்பலேறுகிறானா, தீவிலேயே தங்குகிறானா என்று ஷேக்ஸ்பியர் சொல்லவில்லை. உருவத்தை முடிவு செய்த அன்றே, அந்த விறகுக்கட்டை அவன் எந்த இடத்தில், யார் பார்க்க இறக்கிவைக்கிறான் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.